யாக்கிமோனோ என்றால் சுடுமண்

ஜப்பானில் உணவகப் பட்டியல் ஒன்றில் ‘யாக்கிமோனோ’ என்று இருந்தால், அதன் கீழே தணலில் சுட்ட மீன் இருக்கும். அதே சொல் ஒரு கண்காட்சிக் கூடத்தின் வாசலில் இருந்தால், உள்ளே தேநீர்க் கிண்ணங்களும் ஜாடிகளும் இருக்கும். இரண்டும் ஒரே சொல்தான். ‘யாக்கு’ என்ற வினைக்குச் சுடுதல் என்று பொருள், ‘மோனோ’ என்றால் பொருள், பண்டம். இரண்டும் சேர்ந்தால் ‘சுட்டது’.

தமிழருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. நாமும் தோசை சுடுகிறோம், அப்பளம் சுடுகிறோம், செங்கல் சுடுகிறோம், பானை சுடுகிறோம். அடுப்படிக்கும் சூளைக்கும் ஒரே வினை. வெயிலில் தோல் கறுப்பதற்கும் ஜப்பானியர் இந்த வினையைத்தான் ஆள்கிறார்கள். பொறாமைக்கு அவர்கள் சொல்லும் ‘யாக்கிமொச்சி’ நேர்ப்பொருளில் சுட்ட அரிசிப் பலகாரம். நமக்கு வயிறு எரிகிறது, அவர்களுக்கு மொச்சி சுடுகிறது.

ஆனால் ஜப்பானிய மண்கலை பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் இந்தச் ‘சுடு’ நினைவுக்கு வருவதில்லை. செராமிக் என்கிறோம், பீங்கான் என்கிறோம், மட்பாண்டம் என்கிறோம். மூன்றுமே இங்கே சரியாகப் பொருந்தவில்லை. செராமிக், குயவர் களிமண்ணைக் குறித்த ‘கெராமோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. பீங்கான், கிண்ணத்தைக் குறித்த ‘பிங்கான்’ என்ற பாரசீகச் சொல். மலாயில் இன்றும் தட்டுக்கு ‘பிங்கான்’ என்றுதான் பெயர், மலேசியத் தமிழர்களுக்கு இது தெரிந்திருக்கும். தமிழில் பீங்கான் என்றதும் வழவழப்பான வெள்ளைக் கோப்பைதான் கண்ணில் நிற்கிறது. மட்பாண்டம் நம் சொல்தான், ஆனால் அது மண்ணைச் சொல்கிறது, பாண்டத்தைச் சொல்கிறது, நெருப்பைச் சொல்லவில்லை.

யாக்கிமோனோவோ நெருப்பை மட்டும்தான் சொல்கிறது. எந்த மண், என்ன வடிவம், எதற்குப் பயன் என்பதெல்லாம் அந்தச் சொல்லில் இல்லை. அந்த நாட்டுக் கலையின் உயிர் எங்கே இருக்கிறது என்று காட்டும் சொல் அது. அதற்குத் தமிழில் ‘சுடுமண்’ என்றே எழுதலாம் என்பது என் கருத்து.

ஊர்ப்பெயரோடு ஒட்டும்போது யாக்கிமோனோ ‘யாக்கி’ என்று சுருங்கும்: பிசென்யாக்கி, ஷிகராக்கியாக்கி, ஹாகியாக்கி. நெருப்பின் வேலையைக் கண்ணால் பார்க்கப் பிசென்யாக்கியைப் போல வேறொன்றில்லை. ஒக்கயாமா மாவட்டத்தில் இம்பே என்ற ஊரைச் சுற்றிச் செய்யப்படுவது அது. வயல்களுக்கு அடியிலிருந்து எடுக்கும் இரும்புச்சத்துள்ள களிமண். மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது, ஓவியம் கிடையாது. செம்பைன் விறகைப் போட்டுக்கொண்டே பத்துப் பன்னிரண்டு நாள் தொடர்ந்து எரிக்கிறார்கள். வெப்பம் 1200 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. விறகின் சாம்பல் பறந்து கலத்தின் தோளில் படிந்து உருகினால் எள் தூவியது போலப் புள்ளிகள் விழும், அதற்குப் பெயரே ‘கோமா’, எள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கலங்களைச் சுற்றி வைக்கோல் கட்டுவார்கள். வைக்கோலில் உள்ள பொட்டாசியம் மண்ணின் இரும்போடு வினைபுரிந்து, வைக்கோல் இருந்த இடமெல்லாம் செந்நிறக் கோடுகளாகிவிடும். அது ‘ஹிதாசுக்கி’. ஒட்டாமல் இருக்கச் செய்த ஏற்பாடு, அழகாகவே நிலைத்துவிட்டது. குயவர் அடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம், கோட்டை வரைவது நெருப்புதான்.

இப்படிச் சூளைக்குள் நேரும் மாற்றத்துக்கு ‘யோஹென்’ என்று பெயர். எழுத்துக்கு எழுத்து, சூளை மாற்றம். சூளை நமக்குப் புதிய சொல்லில்லை. ‘கலஞ்செய் கோவே’ என்று குயவரை விளிக்கும் புறநானூற்று 228ஆம் பாட்டில், இருள் திரண்டாற்போல் புகை கிளம்பும் சூளை இருக்கிறது. யோஹென்னைச் ‘சூளைமாற்றம்’ என்றே எழுதலாம்.

சுடுமண் என்றால் பீங்கானை என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜப்பானியரே யாக்கிமோனோவுக்குள் இரண்டு பிரிவு வைத்திருக்கிறார்கள்: ‘ட்சுச்சிமோனோ’, மண்ணால் ஆனது, ‘இஷிமோனோ’, கல்லால் ஆனது. பீங்கான் இரண்டாம் வகை. 1592 முதல் 1598 வரை ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி கொரியாவின் மீது நடத்திய படையெடுப்புகளில் கொரியக் குயவர்கள் பலர் கியூஷூ தீவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான யி சாம்-பியோங், அரிட்டாவின் இசுமியாமாவில் பீங்கான் கல்லைக் கண்டது 1616இல் என்பது அவ்வூர் மரபு. அரிட்டாயாக்கியின் அழகைப் பேசும்போது, பிறந்த மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்ட அந்தக் கைகளையும் சேர்த்துப் பேச வேண்டும். சொல்லுக்கு வருவோம்: அந்தக் கல்லையும் இடித்து, கரைத்து, வடித்து, களியாக்கித்தான் சக்கரத்தில் ஏற்றுகிறார்கள். வனையும்போது அதுவும் மண்தான். ஆகவே பொதுச்சொல்லாகச் சுடுமண்ணும் அதன் உட்பிரிவாகப் பீங்கானும் இருப்பதில் தடையில்லை.

இருபதாம் நூற்றாண்டில் யாக்கி என்ற சொல் இன்னும் நீண்டது. 1948இல் கியோட்டோவில் யாகி கசுவோ, சுசுக்கி ஒசாமு முதலிய இளைஞர்கள் ‘சோதெய்ஷா’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1954இல் யாகி ‘சம்சாவின் நடை’ என்ற படைப்பைக் காட்டினார். சக்கரத்தில் வனைந்த வளையம், அதன் மேல் முளைத்த குழாய்கள். காஃப்காவின் கதையில் பூச்சியாக மாறிய சம்சாதான் அந்தப் பெயரில் இருப்பவர். தண்ணீர் ஊற்ற முடியாது, பூ வைக்க முடியாது. இத்தகைய படைப்புகளுக்கு ‘ஒப்ஜே-யாக்கி’ என்ற பெயர் வழங்கலாயிற்று. ஒப்ஜே பிரெஞ்சுச் சொல், பொருள் என்று அர்த்தம். பாண்டம் என்ற எண்ணமே போய்விட்டது, ஆனால் யாக்கி போகவில்லை. மட்பாண்டம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தப் படைப்பை எப்படிச் சொல்வோம்?

இன்று எழுதுபவர் இந்தச் சிக்கலை அடிக்கடி சந்திப்பார். இன்றைய ஜப்பானியக் கலைஞர் குவாதா தக்குரோவின் கலங்களைப் பாருங்கள். பூச்சு சுருங்கித் திரளும் ‘கைராகி’யும், மண்ணிலுள்ள கல் வெடித்து வெளியே தெரியும் ‘இஷிஹாசே’யும் தேநீர்க் கிண்ணங்களில் பழங்காலந்தொட்டு ரசிக்கப்பட்டவை. அவற்றை அவர் பெருக்கி, கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் கொட்டுகிறார். வெடிப்பும் சுருக்கமும் சூட்டில் பிறப்பவை. அங்கேயும் பேசுவது யாக்கிதான்.

சுடுமண் என்றால் இன்று பலருக்குக் கீழடியின் உறைகிணறும், பூச்சில்லாத சிவந்த பொம்மையுமே நினைவுக்கு வரும். பொருள் குறுகிவிட்டது என்பது உண்மை. ஆனால் பெரும்பாணாற்றுப்படையில் ‘சுடுமண் ஓங்கிய நெடுநகர்’ என்று வரும்போது அந்தச் சொல் செங்கல்லைக் குறிக்கிறது. செங்கல்லிலிருந்து பொம்மைக்கு நகர்ந்த சொல், கிண்ணத்துக்கும் சிற்பத்துக்கும் நகரட்டும்.

பிசென்யாக்கியைப் பிசென் சுடுமண் என்றும், ‘டோகேய்’ என்ற கலைத்துறையைச் சுடுமண் கலை என்றும், ஒப்ஜே-யாக்கியைச் சுடுமண் உருவம் என்றும் எழுதுகிறேன். அரிட்டாவுக்கு மட்டும் அரிட்டாப் பீங்கான்.