ஓய்வூதியக் கணக்கு அன்று, ஓய்வுக்கால வைப்பு

நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருந்துகொண்டு ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதி வரும் என் அத்தைக்கு வயது 58. சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, "ஓய்வூதியக் கணக்கு ஒண்ணு ஆரம்பிச்சுட்டேன், மாசம் எவ்வளவு வரும்ப்பா?" என்று கேட்டார். இண்டிவிஜுவல் ரிட்டயர்மென்ட் அக்கவுண்ட் என்பதை ஐஆர்ஏ என்று அமெரிக்கர்கள் சுருக்கி அழைக்கும் கணக்கைத்தான் அவர் சொன்னார். அவர் கையிலிருந்த தமிழ்த் துண்டறிக்கை அதைத் 'தனிநபர் ஓய்வூதியக் கணக்கு' என்று பெயர்த்திருந்தது. ஊதியம் என்று எழுதியிருந்தால் மாதம் எவ்வளவு என்று கேட்கத்தானே செய்வார்கள்?

பென்ஷன் என்ற சொல், எடை நிறுத்துக் கொடுத்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. ரிட்டயர் என்பது பின்வாங்குதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல். ஐஆர்ஏவின் பெயரில் இருப்பது இரண்டாவது மட்டுமே. பென்ஷன் அதில் எங்கும் இல்லை.

இந்தக் கணக்கு 1974இல் இயற்றப்பட்ட ஒரு தொழிலாளர் நலச் சட்டத்தின் வழியே பிறந்தது. பணியிடத்தில் ஓய்வுக்காலத் திட்டம் எதுவும் இல்லாதவர்கள் தம் சம்பாத்தியத்திலிருந்து ஆண்டுக்கு 1,500 டாலர் வரை வரிச்சலுகையுடன் ஒதுக்கிவைக்க அது இடம் தந்தது. 2025இல் அந்த வரம்பு 7,000 டாலராக இருந்தது. 50 வயதைத் தொட்டவர்களுக்கு 8,000. போடுவது நம் பணம், வளர்வதும் தேய்வதும் நாம் தேர்ந்த முதலீட்டைப் பொறுத்தது, தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆயுள் முழுக்க மாதந்தோறும் தருவதாக முதலாளியோ அரசோ உறுதி சொல்லவில்லை. ஓய்வூதியம் என்னும் சொல்லின் உயிரே அந்த உறுதிதான்.

'ஊதியம்' என்றால் பழந்தமிழில் ஆதாயம் என்று பொருள், ஆகவே ஓய்வூதியம் பொருந்தும் என்று வாதிடும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஈகையும் புகழுமன்றி உயிர்க்கு ஊதியம் இல்லை என்று 231ஆம் குறள் சொல்வது உண்மையே. ஆனால் ஓய்வூதியத் தாளைப் படிக்கும் பெரியவர் வள்ளுவரின் ஊதியத்தை எண்ணுவதில்லை. கருவூலத்திலிருந்து ஒன்றாம் தேதி வரும் தொகையைத்தான் எண்ணுகிறார். வாழும் பொருளை விட்டுவிட்டு மறைந்த பொருளைச் சான்றுக்கு அழைப்பது வழக்காடு திறமையே தவிர மொழிபெயர்ப்பு ஆகாது. அந்தச் சொல்லால் இன்னொரு கேடும் உண்டு. ஓய்வூதியம் என்றதும் இருபத்தைந்து வயதுப் பிள்ளை, அது தாத்தாக்களின் விவகாரம் என்று தாளை மடித்துவிடுகிறான். அவனுக்குத்தான் இது மிகுதியாகப் பயன்படும். ஆண்டுக்கு 6 விழுக்காடு வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், 25 வயதில் போட்ட 7,000 டாலர் 65 வயதில் ஏறத்தாழ 72,000 ஆகும். அதையே 50 வயதில் போட்டால் 17,000ஐத் தொடாது. வருமானம் குறைவாயிருக்கும் இளவயதில் வரியை இப்போதே கட்டிவிட்டுப் பிற்பாடு வரியின்றி எடுக்கும், இக்கணக்கின் ரோத் வகையும், சம்பளம் உச்சத்திலிருக்கும் நடுவயதில் வரியைத் தள்ளிப்போடும் பழைய வகையும் பெரும்பாலும் பொருந்தும்.

என் பரிந்துரை 'தன்பெயர் ஓய்வுக்கால வைப்பு'. பொருளைச் சேமித்து வைக்கும் இடத்தை வள்ளுவர் 226ஆம் குறளில் 'பொருள்வைப்புழி' என்கிறார். ஐஆர்ஏவும் ஓர் இடமே, முதலீடு அன்று. பங்கையோ கடன் பத்திரத்தையோ அதனுள் வைக்கிறோம். வைப்பு என்றால் வங்கியின் நிலையான வைப்பு என்று குழம்புவார்களே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் 'வருங்கால வைப்பு நிதி'யில் அச்சொல் நம் சம்பளக்காரர்களுக்குப் பல காலமாகப் பழகியதுதான். 'தனிநபர்' என்பதிலுள்ள நபர் அரபு வழி வந்தது. தனியாள் என்றால் மணமாகாதவர் என்ற வாடை அடிக்கிறது. தன்பெயர் என்றால், கணவனும் மனைவியும் கூட்டாக வைத்துக்கொள்ள முடியாத கணக்கு இது என்பதும் சேர்ந்து விளங்கும். பேச்சில் ஐஆர்ஏ என்றே சொல்லிவிட்டுப் போகட்டும். தவறான தமிழைவிட அது மேல்.

அந்தத் துண்டறிக்கையில் குறை இத்தோடு நிற்கவில்லை. பழைய வகையில் 73 வயது (1960இலோ அதன் பின்னரோ பிறந்தவர்களுக்கு 75) முதல் ஆண்டுதோறும் எடுத்தே தீரவேண்டிய தொகையைக் 'கட்டாய விநியோகம்' என்று எழுதியிருக்கிறார்கள். நம் பணத்தை நாமே எடுப்பது விநியோகமாம், நியாயவிலைக் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுவதுபோல! 'கட்டாய எடுப்பு' என்றால் முடிந்தது. பழைய வகைக்கு அவர்கள் இட்ட பெயர் 'பாரம்பரியக் கணக்கு'. 1998இல் ரோத் வந்த பிறகு, வேறுபடுத்திக் காட்டவே முன்னதற்கு ஆங்கிலத்தில் 'டிரெடிஷனல்' என்ற அடைமொழி தேவைப்பட்டது. 'முந்தைய வகை' என்பதற்குமேல் அதில் பொருளில்லை. என் அத்தையோ, அது பரம்பரைச் சொத்துக்காரர்களுக்கு உரியது என்று எண்ணி ரோத் வகையை எடுத்திருக்கிறார். மளிகைக் கடைச் சம்பளத்துக்கு அதனால் இழப்பொன்றும் இல்லை என்பது அவருடைய நல்வாய்ப்பு.