சைட்டைப் பெருக்குவது யார் வேலை?

கட்டுமான சைட்டுகளில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். சைட்டுக்குள் நுழைந்ததும் யார் ஹெல்மெட் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால் தரையைத்தான் பார்ப்பேன். தலைக்கு மேலே இருக்கும் ஆபத்தை எல்லோரும் பேசுகிறோம். காலடியில் கிடப்பதைக் கண்டுகொள்வதில்லை.

எனக்கு அதிகக் கவலை தருவது சென்ட்ரிங்கை, அதாவது கான்கிரீட் இறுகும்வரை தாங்கிப் பிடிக்கும் பலகைகளைப் பிரிக்கும் நாள்தான். பிரித்த பலகையை ஆணியோடு அப்படியே கீழே போட்டுவிடுவார்கள். நுனி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சிமெண்டுத் தூசி படிந்துவிட்டால் பலகை எது, ஆணி எது என்று தெரியாது. தலையில் சுமையோடு வருபவர் குனிந்து பார்க்கவும் முடியாது. ஆணி ஆழமாகக் குத்திய காயத்தில் பெரும்பாலும் ரத்தம் அதிகம் வராது, மேல்தோலும் சீக்கிரம் மூடிக்கொள்ளும். காற்றுப் படாத அந்த ஆழத்தில்தான் டெட்டனஸ் கிருமி வளரும். அதனால், "சின்னக் காயம்தானே" என்று விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். பலகையைக் கீழே வைக்கும் முன்பே ஆணியைப் பிடுங்கிவிடுங்கள். முடியாவிட்டால் மடக்கியாவது அடித்துவிடுங்கள்.

பெருக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. கான்கிரீட் அறுத்த இடத்தை உலர்ந்தபடியே பெருக்கினால், மணலில் இருக்கும் சிலிகா என்ற பொருள் நுண்ணிய தூசியாகக் கிளம்பும். நுரையீரலில் அது உண்டாக்கும் சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்த முடியாது. தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் துடைப்பத்தை எடுக்க வேண்டும். மூக்கில் துண்டு கட்டிக்கொண்டால் போதாது.

அப்புறம், தீயணைப்பான் முன்னால் சிமெண்டு மூட்டை, படிக்கட்டில் வயர், சாரத்தின் விளிம்பில் செங்கல் துண்டு. இவை மூன்றும் இல்லாத சைட் அபூர்வம்.

"வேலை முடிந்ததும் பெருக்கிக்கலாம்" என்பார்கள். சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குபவருக்குப் பெருக்கும் நேரம் நஷ்டம்தான். அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கொத்தனார் போனதும் எலக்ட்ரீஷியன் வருவார், 'இது என் குப்பை இல்லை' என்பார். அதுவும் சரிதான். ஆகவே ரேட் பேசும்போதே சுத்தம் செய்யும் கூலியையும் சேர்த்துப் பேசுங்கள். எந்தத் தளம் யார் பொறுப்பு என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். இடத்தைச் சுத்தமாக ஒப்படைத்த பிறகே அடுத்த குழுவை உள்ளே விடுங்கள். மேஸ்திரி முணுமுணுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.