மெல்லப் போகும் சைக்கிளுக்குத்தான் அதிக இடம் வேண்டும்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக ஆரணிக்குப் போகும் சாலையில், காலை நேரத்தில் இரண்டு வகை சைக்கிள்களைப் பார்க்கலாம். ஒன்று, கேரியரின் இருபுறமும் பால்கேன் தொங்க, மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் போவது. மற்றது, மெல்லிய டயரும் ஹெல்மெட்டுமாக 28 கி.மீ. வேகத்தில் பின்னாலிருந்து வருவது. ஒன்றை ஒன்று கடக்கும்போது யாருக்கு அதிக இடம் தேவை? வேகமாக வருகிறவருக்கு என்றுதான் தோன்றும். ஆனால் இயற்பியல் பால்காரர் பக்கம் நிற்கிறது.

சைக்கிள் விழாமல் ஓடுவதற்குச் சக்கரத்தின் சுழற்சிதான் காரணம் என்று பலரும் படித்திருப்போம். சுழற்சிக்கும் பங்கு உண்டு, ஆனால் அது கட்டாயமில்லை. அந்தச் சுழற்சி விளைவை எதிர்ச் சுழற்சியால் ரத்து செய்த ஒரு விநோத சைக்கிளை நெதர்லாந்து, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் செய்தார்கள். தள்ளிவிட்டால் ஆளில்லாமலே நிமிர்ந்து ஓடியது. உண்மையான சூட்சுமம் ஹேண்டில்பாரில் இருக்கிறது. சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முன்சக்கரம் திரும்ப வேண்டும். அப்போது சக்கரங்கள் சாய்ந்த உடலுக்கு அடியில் மறுபடி வந்து சேரும். உள்ளங்கையில் விளக்குமாற்றை நிறுத்துகிறவர் அது சாயும் பக்கமே கையை நகர்த்துவது போலத்தான். நாமும் ஓட்டும் நேரம் முழுக்க, நமக்கே தெரியாமல், ஹேண்டிலை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டேதான் இருக்கிறோம்.

இந்தத் திருப்பலின் பலன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 28-ஐ 12-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 5.4 வரும். அதாவது, வேகமாகப் போகிறவர் ஹேண்டிலை லேசாகத் தொட்டுச் சரிசெய்யும் சாய்வை, 12 கி.மீ. வேகத்தில் போகிறவர் ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம் திருப்பித்தான் சரிசெய்ய முடியும். மெல்லப் போகிற சைக்கிள் பாம்பாய் நெளிவது இதனால்தான், ஓட்டத் தெரியாததால் அல்ல. போதாததற்கு, ஊற்றிவிட்டுத் திரும்பும் கேன் பாதி காலியாக இருந்தால் உள்ளே பால் அலையும். ஒவ்வொரு அலையும் ஒரு புதுச் சாய்வு. ஒரு கை நீளத்துக்குக் குறையாமல் விலகிக் கடப்பது நல்லது, மண் ஓரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம்.

பெல் விஷயத்துக்கு வருவோம். இரண்டு வேகங்களுக்கும் வித்தியாசம் 16 கி.மீ., அதாவது நொடிக்கு சுமார் 4.4 மீட்டர். 25 மீட்டர் முன்பே பெல் அடித்தால் முன்னால் போகிறவருக்கு ஐந்து நொடிக்கு மேல் கிடைக்கும். முதுகுக்குப் பின்னால் ஐந்து மீட்டரில் அடித்தால் ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் அவர் செய்வது ஒன்றுதான்: வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார். தலையும் தோளும் திரும்பினால் கையும் கூடவே வரும், சைக்கிள் வலப்பக்கம் ஒதுங்கும். நாம் கடக்கப் போவதும் அதே வலப்பக்கம். முன்னாடியே ஒரு தடவை பெல் அடித்து, கிட்டே வந்ததும் “அண்ணா, ரைட்ல வரேன்” என்று குரல் கொடுத்தால் போதும். விடாமல் அடித்துக்கொண்டே வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

கடந்த கையோடு அவர் முன்னால் வெட்டி, பிரேக் போடுவது அதைவிட மோசம். ஆள், சைக்கிள், பால் எல்லாம் சேர்த்து 120 கிலோ என்று வைத்துக்கொண்டால், 12 கி.மீ. வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 670 ஜூல். நம்மால் அவரும் நிற்க வேண்டி வந்தால் அது மொத்தமும் வீண். நிதானமாக 60 வாட் திறனில் மிதிக்கிறவருக்கு அது பதினோரு நொடி உழைப்பு. கியர் இல்லாத வண்டியை மறுபடி நகர்த்துவது வேறு.

கியர் சைக்கிள்காரர்களுக்குள் வரும் பிரச்சினை காற்றைப் பற்றியது. ஆடி மாதத்தில் வேலூரிலிருந்து பள்ளிகொண்டா பக்கம் மேற்கே மிதித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 15 கி.மீ. எதிர்க்காற்றில் 20 கி.மீ. வேகத்தில் போனால் உடம்பில் மோதுவது 35 கி.மீ. காற்று. தடையும் வர்க்கக் கணக்குதான், மூன்று மடங்கு ஆகிவிடும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்றை எதிர்க்கும் உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். இதைத்தான் டிராஃப்டிங் என்கிறார்கள்.

தெரியாதவர் பின்னால் சொல்லாமல் ஒட்டிக்கொள்வது ஏன் தப்பு? 25 கி.மீ. வேகத்தில் அரை நொடிக்குள் மூன்றரை மீட்டர் போய்விடுவோம். இடைவெளியோ அரை மீட்டர். பள்ளம் நம் கண்ணில் படாது, அவர் கையால் காட்டினால்தான் உண்டு. பின்னால் ஆள் இருப்பதே தெரியாதவர் எதற்குக் காட்டுவார்? அவருடைய பின்சக்கரத்தில் நம் முன்சக்கரம் உரசினால், பெரும்பாலும் விழுவது நாம்தான். நம்மை நிமிர்த்தி வைத்திருக்கும் ஹேண்டில் அந்த நொடியில் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்கிறது. அவருடைய ஹேண்டிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சேர்ந்து போகிற நண்பர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. 20-இல் வருகிறவரிடம் “கொஞ்சம் வேகமா வாங்க, 25 போதும்” என்பது சின்ன வேண்டுகோளாகத் தெரியும். காற்றுக்குச் செலவாகும் திறன் வேகத்தின் கனமடங்கு என்பதால், நாம் கேட்பது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பலசாலி முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வதுதான் நியாயம்.

ஏலகிரியில் இந்த ஏற்பாடு செல்லாது. 14 கொண்டை ஊசி வளைவுகளில் 8 கி.மீ. வேகத்தில் ஏறும்போது, மலைச்சரிவு பின்னுக்கு இழுப்பதோடு ஒப்பிட்டால் காற்று ஒன்றுமே இல்லை. ஒட்டிப் போவதில் லாபமில்லை, ஹேண்டில் ஆட்டமோ உச்சத்தில் இருக்கும். அவரவர் வேகத்தில் ஏறுவதே சரி. முதலில் போனவர் மலைமேல் அத்தனாவூரில் டீ குடித்துக்கொண்டு காத்திருக்கலாம். ஆனால் கடைசியாக வருகிறவர் சைக்கிளைச் சாய்த்து நிறுத்துவதற்குள் “சரி, கிளம்பலாமா” என்று எழுந்துவிடக் கூடாது. இவ்வளவு நேரம் ஓய்வெடுத்தது அவர் இல்லையே.