பிக்கப் வாங்கும் முன் பின்னால் மாட்டப்போவதை எடை போடுங்கள்

புது பிக்கப் வாங்க நினைப்பவர்கள் பாளையங்கோட்டையில் உள்ள என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து கேட்கும் முதல் கேள்வி, "இழுவை எப்படி அண்ணாச்சி?" என்பதுதான். அடுத்தது மைலேஜ், அதற்கடுத்தது ரீசேல். வள்ளியூர்ப் பக்கம் கட்டட காண்ட்ராக்ட் எடுப்பவருக்குக் கலவை மிஷினை மாட்டிக்கொண்டு போக வேண்டும். கல்யாண வீடுகளுக்கு ஜெனரேட்டர் விடுபவருக்கு அதை இழுக்க வேண்டும். உவரியிலோ இடிந்தகரையிலோ இருப்பவருக்குப் படகைக் கரைமேல் ஏற்ற வேண்டும். எல்லாருக்கும் அதே வண்டியில் தினமும் டவுனுக்குள் போய்வரவும் வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் வேண்டும். சரி, நியாயமான ஆசைதான். "மாட்டப்போற சாமான் எத்தனை கிலோ?" என்று நான் திருப்பிக் கேட்டால் மட்டும் பதில் வராது. "தெரியல அண்ணாச்சி, ஆனா அவ்வளவு ஒண்ணும் கனம் இருக்காது" என்பார்கள்.

இந்தக் காலத்து டீசல் எஞ்சினுக்கு இழுப்பது பெரிய காரியமே இல்லை. இசுசு வி-கிராஸின் 1.9 லிட்டர் எஞ்சின் 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. டொயோட்டா ஹைலக்ஸில் கியர் கையால் போடும் வண்டிக்கு 420, ஆட்டோமேட்டிக்குக்கு 500. பொலேரோ பிக்கப் மாதிரி வேலை வண்டிகள் அதில் பாதி அளவு விசையை வைத்துக்கொண்டே முதல் கியரில் எதையும் நகர்த்திவிடும். நகர்ந்த பிறகு அந்த எடையோடு வண்டி எங்கே நிற்கும், எப்படித் திரும்பும், விபத்து என்று வந்தால் பேப்பர் நம் பக்கம் பேசுமா என்பதைப் பார்த்துத்தான் வண்டி எடுக்க வேண்டும்.

ஷோரூம் போகும் முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். ஆர்சி புத்தகத்தில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று காலி எடை, இன்னொன்று மொத்த எடை, அதாவது வண்டியும் பாரமும் ஆட்களும் சேர்ந்து தாண்டக்கூடாத அளவு. உதாரணத்துக்கு மொத்த எடை 2990 கிலோ, காலி எடை 1750 என்று வைப்போம். மிச்சம் 1240. இதை முழுக்கப் பாரம் என்று நினைத்துவிடுகிறோம். டிரைவரும் லோடுமேனும் ஏறினால் 140 போய்விடும். இரும்புக் கூண்டு, தார்ப்பாய், கயிறு என்று 100 கிலோ சுலபமாகச் சேரும். மிச்சம் 1000. பின்னால் 900 கிலோ டிரெய்லர் மாட்டினால், அதன் ஊக்கு, அதாவது நம் வண்டியோடு மாட்டும் முன்முனை, நம் வண்டியின் வாலை அழுத்தும் எடை குறைந்தது பத்தில் ஒரு பங்கு, 90 கிலோ இருக்கும். அதுவும் வண்டியின் பாரத்தில்தான் சேரும். பின் ஆக்சிலுக்கும் வெளியே தொங்கும் எடை என்பதால் அது பின்பக்கத்தை அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கும், ஸ்டியரிங் லேசாகும். ஆகக் கையில் இருப்பது 910 கிலோ. வாழைத்தாரை ஏற்றிவிட்டு மிஷினையும் மாட்டலாமா என்று இந்த இடத்தில்தான் முடிவு செய்ய முடியும்.

எத்தனை கிலோ டிரெய்லர் இழுக்கலாம் என்பது நம் ஊரில் விற்கும் பிக்கப்களின் விளம்பரத் தாளில் பெரும்பாலும் இருக்காது. சேல்ஸ்மேன் வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓனர் மேனுவலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். அதே வண்டி வெளிநாட்டில் மூன்றரை டன் இழுக்கிறது என்று யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே அந்தக் கணக்கு சொந்த பிரேக் உள்ள டிரெய்லருக்கு. பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஐரோப்பாவிலேயே 750 கிலோதான் எல்லை. நம் ஊரில் பிக்கப்புக்குப் பின்னால் போகும் கலவை மிஷினுக்கும் ஜெனரேட்டருக்கும் பிரேக் வைத்து நான் அநேகமாகப் பார்த்ததில்லை. ஸ்பிரிங்கும் இருக்காது, பின்விளக்கும் இருக்காது. அந்த எடை முழுவதையும் நம் வண்டியின் பிரேக்தான் நிறுத்த வேண்டும். வேகம் 40இலிருந்து 60 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டேகால் மடங்கு. நாலுவழிச் சாலையில் நாங்குநேரி டோல்கேட்டை நெருங்கும்போது முன்னால் போகிற லாரி சட்டென்று நின்றால், இந்தக் கணக்கு காலுக்கடியில் தெரியும்.

அடுத்து, பட்டை, அதாவது பாரம் தாங்கும் லீஃப் ஸ்பிரிங். புது வண்டி டெலிவரி எடுத்த வாரத்திலேயே "ரெண்டு பட்டை கூட ஏத்திருங்க" என்று வருகிறார்கள். பின்பக்கம் தாழாமல் கம்பீரமாக நிற்க வேண்டுமாம். இதை நான் மறுத்துவிடுவேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல்தான் பல பேர் ஆபத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியும் அதோடு சேர்ந்த சின்ன வால்வும் இருக்கும். எல்எஸ்பிவி என்போம். பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் கம்பி நகர்ந்து, வால்வு பின் சக்கரத்துக்குக் கூடுதலாக பிரேக் விடும். காலியாக ஓடும்போது பின்பக்கம் உயர்ந்திருப்பதால் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அப்படிக் குறைக்காவிட்டால் காலி வண்டியின் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் சுற்றிவிடும். இப்போது பட்டை கூடுதலாகப் போட்டால் முழுப் பாரம் ஏறியும் பின்பக்கம் தாழாது. வண்டி காலி என்றே வால்வு எடுத்துக்கொள்ளும். பிரேக் அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் பின் பிரேக் பாதிதான் பிடிக்கும், முன் பிரேக் வெந்துபோகும். அதோடு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை நாமாக மாற்றக்கூடாது என்கிறது. பட்டை போட்டதால் ஆர்சியில் உள்ள எடை ஒரு கிலோகூடக் கூடாது. எடை கூடினால் 194ஆவது பிரிவில் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

செங்கோட்டை தாண்டிக் கேரளாவுக்குக் காய்கறி கொண்டுபோகிறவர்களுக்கு இந்தப் பிரேக் விஷயத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆரியங்காவிலிருந்து திரும்பிப் புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் லைனிங் சூடேறிப் பிடிமானம் போய்விடும். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அந்தக் கியர் என்பது பழைய டிரைவர்கள் சொன்ன பாடம். டிரெய்லர் மாட்டினால் அதற்கும் ஒரு கியர் கீழே. ஆட்டோமேட்டிக் வண்டி வாங்குகிறவர்கள், கியரைக் கையால் இறக்கி வைக்கும் வசதி எப்படி வேலை செய்கிறது என்று டெஸ்ட் டிரைவிலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு ஆபத்து காற்று. குற்றாலத்தில் சீசன் களைகட்டும் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடி, காவல்கிணறு பக்கம் நாலுவழிச் சாலையைக் குறுக்காக அடிக்கும். காற்றாலைகளை அங்கே நட்டு வைத்திருப்பதே அதனால்தான். ஊக்கில் எடை குறைவாகவும் பின்பக்கம் எடை அதிகமாகவும் உள்ள டிரெய்லர் அந்தக் காற்றில் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும், ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டுவதும் வண்டியைக் கவிழ்க்கும். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள். பாரத்தை டிரெய்லரின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் வைத்துக் கட்டினால் இந்த ஆட்டம் பெரும்பாலும் வராது.

இனி தினசரி ஓட்டம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் வண்டிகளில் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியைச் சுமார் 600 டிகிரி சூட்டில் வண்டியே எரித்துக்கொள்ளும். அந்தச் சூடு வர, நிற்காமல் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். வண்ணார்பேட்டைக்கும் ஜங்ஷனுக்கும் டவுனுக்கும் நடுவிலேயே தினமும் சுற்றுகிற வண்டியில் அது நடக்காது. டாஷ்போர்டில் விளக்கு எரியும், அதைப் பொருட்படுத்தாமல் அணைத்து அணைத்து எடுத்தால் எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயிலே கெட்டுப்போகும். கடைசியில் வடிகட்டியைக் கழற்ற வேண்டிவரும், அது சின்னச் செலவு இல்லை. இப்படிப்பட்ட வாடிக்கையாளர்களிடம், விளக்கு எரிந்தால் மேனுவலில் சொன்னபடி நாங்குநேரி வரை ஒரே சீராக ஓட்டிவிட்டுத் திரும்புங்கள் என்பேன். தினம் நாலைந்து கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் டீசல் பிக்கப்பே வேண்டாம். நம் ஊரில் குட்டியானை என்று கூப்பிடும் டாடா ஏஸ் ரகத்திலும், மாருதி சூப்பர் கேரியிலும் பெட்ரோல் வண்டிகள் கிடைக்கின்றன. சந்துக்குள் நுழைய அதுதான் வசதி. வி-கிராஸும் ஹைலக்ஸும் 5.3 மீட்டர் நீளம். ரத வீதியில் நிறுத்த இடம் தேடிப் பார்த்தால் புரியும்.

காலி பிக்கப் குதிக்கும். பாரத்துக்காகச் செய்த பட்டை, ஒரு ஆள் போகும்போது வளைந்து கொடுக்காது. முதுகுவலி உள்ளவர்கள், வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள், டெஸ்ட் டிரைவில் அவர்களையே உட்கார வைத்து மேடுபள்ளமான ரோட்டில் ஓட்டிப் பாருங்கள்.

பேப்பர் விஷயம். வாடகைக்கும் வியாபாரத்துக்கும் ஓடுவது மஞ்சள் போர்டு. சொந்தத் தேவைக்கு மட்டும் என்றால் வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்றவற்றை வெள்ளை போர்டில் பதியலாம். மஞ்சள் போர்டுக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எஃப்சி என்ற தகுதிச் சான்று, அதன் பிறகு வருஷா வருஷம். மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டாம் என்று சட்டத்தின் 66ஆவது பிரிவு விலக்கு தருகிறது. 7500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்திவிட்டது.

டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்குத் தனியாகப் பதிவு வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். பழுதான வண்டியைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போவது வேறு, பதிவே இல்லாத சாமானைக் கயிறு கட்டித் தினமும் ரோட்டில் இழுப்பது வேறு. வெல்டிங் கடையில் கொக்கி ஒன்றைப் பற்றவைத்து மாட்டிப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. பின்னால் பைக்கில் வருகிறவருக்கு என்ன ஆகும்? கலவை மிஷினை முடிந்தவரை பெரிய வண்டியின் மேலே ஏற்றிக் கொண்டுபோங்கள்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் சொந்தபந்தத்தை எல்லாம் பின்னால் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று பிக்கப் வாங்குகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சரக்கு வண்டியில் சும்மா ஏற்றிச் சென்ற ஆட்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2003இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அசம்பாவிதம் நடந்தால் நஷ்டஈடு முழுவதும் வண்டிச் சொந்தக்காரர் தலையில் விழும். போன உயிருக்கு அதுவும் ஈடாகாது.

எந்த வண்டி என்று கேட்டால் என் கருத்து இது. பாரம்தான் பிழைப்பு, இழுவை எப்போதாவது என்பவருக்கு பொலேரோ பிக்கப், டாடா யோதா, படா தோஸ்த் ரகம் போதும். இழுக்க வேண்டிய நாட்களில் அதற்கென்று உள்ள வண்டியை வாடகைக்கு எடுப்பதுதான் லாபம். குடும்பமும் போக வேண்டும், பதிவு செய்த படகு டிரெய்லரையும் அடிக்கடி மாட்ட வேண்டும் என்பவருக்கு மட்டும் நாலு சக்கரமும் இழுக்கும் வி-கிராஸ், ஹைலக்ஸ் ரகத்துக்குக் காசு போடலாம். அந்த நாலு சக்கர இழுவையை மணலில் மட்டும் போடுங்கள், காய்ந்த தார் ரோட்டில் போட்டால் ஆக்சிலும் கியரும் முறுக்கிக்கொள்ளும். உப்புத் தண்ணீரில் இறங்கிய டிரெய்லரை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ஷோரூமில் காலி வண்டியை ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கமாக ஏற்றும் பாரத்தில் பாதியாவது ஏற்றி ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சில இடங்களில் சம்மதிப்பார்கள். டெலிவரி எடுத்ததும் டயரில் உள்ள லோடு இண்டெக்ஸைப் பாருங்கள். 100 என்றால் அந்த டயர் 800 கிலோ தாங்கும், 91 என்றால் 615. ஆறு மாதம் கழித்துப் பளபளப்புக்காக டயர் மாற்றும்போது இந்த எண் குறையக்கூடாது. முதல் பாரம் ஏற்றிய அன்று எடைமேடையில் முழு வண்டியை ஒரு முறை, பின் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு முறை எடை போட்டுச் சீட்டை வாங்கி, ஆர்சி எடையோடும் பின் டயர்கள் தாங்கும் எடையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். டிரெய்லர் வைத்திருந்தால் பின்விளக்கு, இண்டிகேட்டர் இரண்டும் எரிகிறதா என்று மாட்டும்போதெல்லாம் பார்த்து, ஊக்குக்குக் கீழே இரண்டு சங்கிலியைக் குறுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். ஊக்கு கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலி தாங்கிப் பிடிக்கும்.