வரம்புள்ள க்யூ நிரம்பினால் தொலைவது எது?

இந்த மாதத்தில் இது மூன்றாவது. சிப் டிசைனில் பக் என்று டிக்கெட் வருகிறது. திறந்து பார்த்தால் டிசைன்மேல் ஒரு குற்றமும் இல்லை. டெஸ்ட்பெஞ்சில் (டிசைனைச் சோதிக்கும் கோடில்) ஸ்கோர்போர்டின் க்யூ நிரம்பி வழிந்திருக்கிறது. ஸ்கோர்போர்டு என்பது எதிர்பார்த்ததையும் வந்ததையும் ஒப்பிடும் பகுதி, க்யூ என்பது அதற்காக மதிப்புகள் காத்திருக்கும் வரிசை.

டெஸ்ட்பெஞ்ச் எழுதும் மொழியான சிஸ்டம்வெரிலாக்கில் க்யூவின் வரம்பை [$:8] என்று எழுதிவிட்டு எட்டு இடம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 8 என்பது கடைசி இண்டெக்ஸ், கொள்வது 9. சரி, அது சின்னத் தவறு.

எனக்கு எரிச்சல் வருவது வேறொன்றில்: "நிரம்பினால் பழையது தானாக விழுந்துவிடும், ரிங் பஃபர் மாதிரி." விழாது! அந்த மொழிக்கான ஐஈஈஈ 1800-2017 தரநிலையில் 7.10.5 பிரிவைப் படியுங்கள். வரம்பே இல்லாத க்யூ போலவே எல்லாம் நடக்கும். எழுதி முடித்ததும் வரம்பைத் தாண்டி நிற்பவை நீக்கப்படும், ஒரு வார்னிங் வரும். அவ்வளவுதான். பழையது, புதியது என்ற பேச்சே அங்கே கிடையாது, இண்டெக்ஸ்தான் கணக்கு. நிரம்பிய க்யூவில் புஷ்_பேக் (பின்னால் சேர்ப்பது) செய்தால், இப்போது போட்டீர்களே, அதுதான் போகும். புஷ்_ஃபிரண்ட் (முன்னால் சேர்ப்பது) செய்தால் எல்லாம் ஓரிடம் நகர்ந்து, வாலில் இருந்தது போகும். ஆக, பின்னால் போட்டு முன்னால் எடுப்பவருக்குப் புதியது தொலையும். முன்னால் போட்டுப் பின்னால் எடுப்பவருக்குப் பழையது தொலையும். ஒரே க்யூ, ஒரே வரம்பு!

மெயில்பாக்ஸோடு (டெஸ்ட்பெஞ்சின் பகுதிகள் தமக்குள் செய்தி கடத்தும் பெட்டி) குழப்பிக்கொள்பவர்கள் தனி ரகம். வரம்புள்ள மெயில்பாக்ஸ் நிரம்பியிருந்தால், உள்ளே போடும் புட் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கும், காத்திருக்காத ட்ரை_புட் 0 என்று திருப்பிச் சொல்லும். க்யூவுக்கு அந்தப் பொறுமை இல்லை.

கொடுமை என்னவென்றால், தொலைந்த இடத்தில் எதுவும் தெரியாது. பின்னால் போட்டு முன்னால் எடுத்தால், உள்ளே இருந்த ஒன்பதும் ஒழுங்காகப் பொருந்தி முடியும். அப்புறம்தான் முதல் மிஸ்மேட்ச். அதற்குப் பின் எல்லாமே ஒன்று தள்ளி நிற்கும். வார்னிங்கோ லாகில் எப்போதோ வந்து போயிருக்கும், அல்லது டெஸ்டுகளை மொத்தமாக ஓட்டும் ரிக்ரெஷன் ஸ்கிரிப்டில் யாரோ அதை அமுக்கி வைத்திருப்பார்கள். (ஒருமுறை அந்த யாரோ நான்தான்.)

போடுவதற்கு முன் சைஸைப் பாருங்கள். நிரம்பியிருந்தால் என்ன செய்வது என்பதை நீங்களே எழுதுங்கள், மொழியிடம் விடாதீர்கள். பழையதுதான் போக வேண்டுமா? முதலில் பாப்_ஃபிரண்ட் (முன்னால் இருப்பதை எடுப்பது), பிறகு புஷ்_பேக். இரண்டு வரிக்கு என்ன சோம்பல்? ஸ்கோர்போர்டு என்றால் எரர் கொடுத்து நிறுத்துங்கள், வேறு பேச்சில்லை. வார்னிங்கை அமுக்கும் அந்த வரியையும், தயவுசெய்து, இன்றே எடுத்துவிடுங்கள்.