புள்ளிகள் காட்டிக்கொடுத்த மரபணு

"பிறவியிலேயே வந்த மரபணுக் கோளாறு தானாகச் சரியாகுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முன்பு ஒரு கட்டுரையில், "மரபணுப் பிழை உடலின் எல்லாச் செல்களிலும் இருக்கும், ஆயுள் முழுக்க இருக்கும்" என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார். பதில் இதுதான்: ஆகும், ஆனால் அங்கங்கே. நான் எழுதியது பொதுவாகச் சரி. தோல் விஷயத்தில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

இக்தியோசிஸ் என்றொரு தோல் நோய்க் குடும்பம் உண்டு. 'இக்திஸ்' என்றால் கிரேக்க மொழியில் மீன். தோல் மீன்செதில் மாதிரி உரிவதால் அந்தப் பெயர். இந்தக் குடும்பத்தில் மிக மிக அபூர்வமான ஒரு வகைக்கு 'இக்தியோசிஸ் வித் கன்ஃபெட்டி' என்று பெயர். கன்ஃபெட்டி என்பது கொண்டாட்டங்களில் தூவுகிறார்களே, அந்த வண்ணக் காகிதத் துணுக்கு.

இந்த நோயோடு பிறக்கும் குழந்தையின் உடல் முழுக்கச் சிவந்து, செதில் செதிலாக உரியும். தோல் என்பது முதலில் ஒரு வேலி. வேலி சரியில்லையென்றால் உள்ளே இருக்கும் நீரும் சூடும் வெளியே கசியும், வெளியே இருக்கும் கிருமிகள் உள்ளே வரும். தினமும் நீண்ட நேரம் குளித்து, செதிலை மெதுவாகத் தேய்த்து எடுத்து, ஈரம் காய்வதற்குள் களிம்பு பூச வேண்டும். அப்புறம் சில மணி நேரத்தில் மறுபடியும் களிம்பு. தடித்த உள்ளங்கையும் பாதமும் வெடிக்கும். இக்தியோசிஸ் உள்ளவர்களில் பலருக்கு வியர்வை சரியாக வெளியேறாது. அதனால் வெயில் அவர்களுக்கு அசௌகரியம் மட்டுமல்ல, ஆபத்து. உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் உதிர்ந்த செதிலை யாரும் பார்ப்பதற்குள் தட்டிவிடும் பழக்கம் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது.

அந்தச் சிவந்த தோலின் நடுவே, குழந்தைப் பருவத்திலேயே, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தோன்றுகின்றன. வெண்புள்ளி நோயோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவை எந்தக் கோளாறும் இல்லாத, சாதாரணமான, நல்ல தோல். வயது ஏற ஏற எண்ணிக்கையும் அளவும் கூடுகின்றன. நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரக்கணக்கில் போகின்றன. யாரோ காகிதத் துணுக்குகளை வாரி இறைத்தது போல.

அந்தப் புள்ளிகளுக்குள் இருக்கும் செல்களில் மரபணுப் பிழையே இல்லை. அழிந்துவிட்டது. எப்படி?

தோலின் அமைப்பைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், வேகமாகத் தாண்டிவிடலாம். மேல்தோலின் அடியில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவை பிரிந்துகொண்டே இருக்கும். பிறக்கும் செல்கள் மேலே ஏறி, கெரட்டின் என்ற புரதத்தை நிரப்பிக்கொண்டு, தட்டையாகி, இறந்து, உதிரும். ஆக, ஒரு ஸ்டெம் செல்லில் ஏதாவது மாற்றம் நடந்தால், அதற்கு மேலே இருக்கும் அதன் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் அந்த மாற்றம் இருக்கும். ஒரு புள்ளி என்பது ஒரு ஸ்டெம் செல்லின் வம்சம்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இதை மட்டும் நிதானமாகப் பார்ப்போம்.

ஒவ்வொரு குரோமோசோமிலும் நம்மிடம் இரண்டு பிரதிகள், அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று. ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குச் சிவப்பு அட்டை, இன்னொன்றுக்கு நீல அட்டை. இரண்டிலும் 400 பக்கம். சிவப்புப் புத்தகத்தில் மட்டும் 300-ஆம் பக்கத்தில் ஒரு விபரீதமான அச்சுப்பிழை. இந்த நோயில் பிழை ஓங்கு தன்மை கொண்டது. அதாவது நீலப் புத்தகம் சரியாக இருந்தும் பயனில்லை. ஒரு பிழை போதும், காரியம் கெட்டுவிடும்.

செல் பிரிவதற்கு முன் இரண்டு புத்தகத்தையும் நகல் எடுக்கும். இப்போது சிவப்பு இரண்டு, நீலம் இரண்டு. வழக்கமாக ஒவ்வொரு மகள் செல்லுக்கும் ஒரு சிவப்பு, ஒரு நீலம் போய்ச் சேரும். பிழையும் கூடவே போகும். இப்படியே ஆயுள் முழுக்க.

எப்போதாவது ஒரு சிவப்பு நகல் 250-ஆம் பக்கத்தில் கிழிந்துவிடுகிறது. டிஎன்ஏ அறுந்துபோவது சகஜம்தான், செல்லும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போது பக்கத்தில் இருக்கும் தன் சொந்த நகலைப் பார்த்து ஒட்டுவதுதான் வழக்கம். அபூர்வமாக, நீலப் புத்தகத்தைப் பார்த்து ஒட்டுகிறது. அந்தக் குழப்பத்தில் 250-க்குப் பிந்தைய பக்கங்கள் முழுவதும் இடம் மாறிவிடுகின்றன. இப்போது நான்கு புத்தகங்களின் கதை இது: ஒன்று முழுச் சிவப்பு, அதில் பிழை உண்டு. ஒன்று முழு நீலம், சுத்தம். ஒன்றுக்கு முன்பாதி சிவப்பு, பின்பாதி நீலம், அதுவும் சுத்தம். கடைசியாக ஒன்றுக்கு முன்பாதி நீலம், பின்பாதி சிவப்பு, அதில் பிழை.

பங்கு பிரிக்கும்போது செல் முன்பாதியின் நிறத்தை மட்டும்தான் பார்க்கிறது. முன்பாதி சிவப்பாக ஒன்று, நீலமாக ஒன்று. பாதி வாய்ப்பில், சுத்தமான இரண்டும் ஒரே மகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பிழையான இரண்டும் இன்னொருத்திக்கு. முதல் மகளிடம் நோய் முடிந்தது. அவள் வம்சம் மேலே ஏறி ஒரு நல்ல புள்ளியாகிறது. யாரும் பிழையைத் திருத்தவில்லை. பாகப்பிரிவினையில் அது வேறு வீட்டுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

பக்கங்கள் இப்படி இடம் மாறுவதற்குப் பெயர் குறுக்கேற்றம். விந்து, முட்டை உருவாகும் மியாசிஸ் பிரிவில்தான் இது நடக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். நானும் பரீட்சையில் அப்படி எழுதித்தான் மார்க் வாங்கினேன். ஆனால் சாதாரண உடல் செல்களிலும் இது நடக்கும் என்று மரபியலாளர் கர்ட் ஸ்டெர்ன் 1936-லேயே பழ ஈக்களில் காட்டிவிட்டார். அவருடைய ஈக்களில் ஒரு குரோமோசோமில் மஞ்சள் நிறத்துக்கான மரபணு, அதன் இணையில் ரோமம் சுருளும் மரபணு. சில ஈக்களின் உடம்பில் மஞ்சள் திட்டும் ரோமம் சுருண்ட திட்டும் ஒட்டினாற்போல் அடுத்தடுத்து இருந்தன. இரண்டு மகள்கள், இரண்டு வம்சங்கள், பக்கத்துப் பக்கத்து வீடு. கன்ஃபெட்டி நோயில் நல்ல மகளின் வம்சம்தான் கண்ணில் படுகிறது. பிழையான இரண்டையும் வாங்கிக்கொண்ட சகோதரி, ஏற்கெனவே நோயுற்ற தோலின் நடுவே தனித்துத் தெரிய வழியில்லை.

சரி, இதனால் என்ன பயன்? இங்கேதான் யேல் பல்கலைக்கழகத்தின் கீத் சோட், ரிச்சர்ட் லிஃப்டன் குழு 2010-ல் ஒரு காரியம் செய்தது. அதை இன்று படித்தாலும் எனக்குக் கைதட்டத் தோன்றும்.

நோய்க்கான மரபணுவைத் தேட வழக்கமாக ஒரு பெரிய குடும்பம் வேண்டும். தாத்தா, அத்தை, பேரன் என்று யார் யாருக்கு நோய் இருக்கிறது, அவர்கள் எல்லோருக்கும் பொதுவான டிஎன்ஏ துண்டு எது என்று பார்த்துத்தான் இடத்தைக் குறுக்குவார்கள். கன்ஃபெட்டி நோயில் அதற்கு வழியில்லை. பெரும்பாலும் பெற்றோருக்கு நோய் இருக்காது. புதிதாக முளைத்த பிழை. ஆனால் ஒரே நோயாளியின் உடம்பில் தனித்தனியாகப் பிறந்த ஆயிரம் புள்ளிகள் இருக்கின்றனவே! அந்தத் தோல்தான் அவர்களுடைய குடும்ப மரம்.

புள்ளிகளிலிருந்து துளித் துளி தோலை எடுத்து, அதே ஆளின் ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். ரத்தத்தில் சிவப்பு, நீலம் இரண்டும் தெரியும். புள்ளியிலோ 17-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஓரிடத்திலிருந்து நுனி வரை இரண்டு பிரதியும் ஒன்றுபோல இருந்தன. இரண்டும் நீலம். கிழிந்த இடம் புள்ளிக்குப் புள்ளி வேறு. நம் புத்தகத்தில் சொன்னால், ஒன்றில் 80-ஆம் பக்கம், ஒன்றில் 140, ஒன்றில் 270. ஆனால் எல்லாமே பிழைக்கு முன்னால்தான். பிழையைத் தாண்டிக் கிழிந்திருந்தால் அந்த இடமாற்றத்தால் லாபமில்லை, புள்ளியே உருவாகியிருக்காது. ஆகவே பிழைக்கு மிக அருகே கிழிந்த புள்ளிதான் நல்ல சாட்சி. "இதற்கு அப்பால் தேடு" என்கிறது அது. அப்பால் தேடினால், தோலுக்கான கெரட்டின் மரபணுக்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் பகுதி. ஆளைப் பிடித்துவிட்டார்கள்: கெரட்டின்-10.

பிழையும் விசித்திரமானது. நோயாளிக்கு நோயாளி வெவ்வேறு பிழைகள்தான், ஆனால் எல்லாமே எழுத்துகளை ஒரே விதமாகத் தள்ளிவைத்து வாசிக்க வைக்கின்றன. அதனால் புரதத்தின் வால் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் நிறைந்த வேறு வாலாக மாறிவிடுகிறது. செல்லுக்குள் இழையாகப் பின்னிக்கொண்டு பலம் கொடுக்க வேண்டிய கெரட்டின், அந்த வாலோடு நியூக்ளியஸுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸில் போய் அடைந்துகொள்கிறது. பிற்பாடு, 2015-ல், கெரட்டின்-1 மரபணுவிலும் இதே போன்ற நோய் கண்டறியப்பட்டது. அது இருப்பது 12-ஆம் குரோமோசோமில். அங்கும் இதே பாகப்பிரிவினை, இதே புள்ளிகள்.

இன்னும் அவிழாத முடிச்சு ஒன்று இருக்கிறது. இத்தனை ஆயிரம் புள்ளிகள் ஏன்? ஒன்று, நல்ல செல்கள் நோயுற்ற செல்களைவிட வேகமாக இடம் பிடிக்கலாம். அல்லது அந்த விபரீதப் புரதமே கிழிசல்களை அதிகமாக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். முதல் விளக்கத்தில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு: கெரட்டின்-10 முக்கியமாக உற்பத்தியாவது, செல் அடித்தட்டை விட்டு மேலே ஏறிய பிறகு. அடியிலேயே இருக்கும் ஸ்டெம் செல், தான் பெரிதாகப் பயன்படுத்தாத புரதத்தின் பிழையால் எப்படிப் போட்டியில் பின்தங்கும்?

புள்ளிகள் தாமாகவே பெருகும் என்பதை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில் எந்த எண்ணெயைக் கொடுத்தவரும், எந்த மந்திரத்தை ஓதியவரும் பெயர் வாங்கிக்கொள்ளலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. தோல் நோய் என்றாலே சாபம், முன்வினை, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற பேச்சுகள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எட்வர்ட் லாம்பர்ட் என்பவரை 'முள்ளம்பன்றி மனிதர்' என்று சொல்லிக் காட்சிப் பொருளாக்கினார்கள். அவருக்கு இருந்ததும் ஒருவகை இக்தியோசிஸ்தான். இது தொற்றாது. கைகுலுக்கினால் வராது, பக்கத்தில் உட்கார்ந்தால் வராது.

"லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத நோய்க்கு எதற்கு ஆராய்ச்சிப் பணம்?" என்ற கேள்வியையும் அடிக்கடி கேட்கிறேன். எனக்கு இதில் பொறுமை குறைவு. உடலில் கொலஸ்ட்ரால் எப்படிக் கட்டுப்படுகிறது என்பது, பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் பரம்பரைக் கோளாறு கொண்டவர்களின் தோல் செல்களைச் சோதனைச்சாலையில் வளர்த்தபோதுதான் பிடிபட்டது. அதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு. அமெரிக்கா 1983-லேயே அபூர்வ நோய் மருந்துகளுக்குச் சலுகை தரும் சட்டம் போட்டதற்குக் காரணம், சந்தையை மட்டும் நம்பினால் அந்த மருந்துகள் வராது என்பதுதான்.

புள்ளிகளின் பாடம் மருத்துவத்துக்கு எங்கே உதவும்? மேல்தோலும் கீழ்த்தோலும் ஒட்டாமல், தொட்டாலே கொப்புளம் வரும் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்ற நோயைப் பாருங்கள். 2015-ல் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகர மருத்துவமனையில், மேல்தோலின் பெரும்பகுதியை இழந்து உயிருக்குப் போராடிய 7 வயதுச் சிறுவனிடமிருந்து 4 சதுர செ.மீ. தோலை எடுத்தார்கள். இத்தாலியில் மிக்கேலே டி லூக்கா குழு அந்தச் செல்களுக்குள் சரியான மரபணுவை ஏற்றி, தாள் தாளாக வளர்த்து அனுப்பியது. உடலின் சுமார் 80 சதவீதம் புதுத் தோலால் மூடப்பட்டது. பின்னர் ஆராய்ந்ததில், அந்த மேல்தோல் முழுவதையும் தாங்கிப் பிடித்தவை, ஒட்டிய செல்களில் மிகச் சிறு பங்கான ஸ்டெம் செல்கள்தாம் என்று தெரிந்தது. மறுபடியும் வம்சக் கதை.

உடலே திருத்திவைத்த செல்கள் இருக்கும்போது மரபணுவை எதற்கு வெளியிலிருந்து ஏற்ற வேண்டும்? நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் மார்செல் யோங்மன் குழு அந்த வழியில் போனது. அதே நோயுள்ள ஒரு பெண்ணின் கைகளில் கொப்புளமே வராத திட்டுகள் இருந்ததை அவர்கள் 1997-ல் விளக்கியிருந்தார்கள். அவருடைய இரண்டு புத்தகத்திலும் பிழை, ஆனால் வேறு வேறு பக்கத்தில். அந்தத் திட்டில், ஒரு புத்தகத்தின் பிழையான பக்கம் மட்டும் மற்றதைப் பார்த்துச் சரியாக எழுதப்பட்டிருந்தது.

அப்படிப்பட்ட நல்ல திட்டிலிருந்து செல்களை எடுத்துத் தாளாக வளர்த்துப் பார்த்தபோது ஏமாற்றம்தான். வளர்ப்புத் தட்டில் நல்ல செல்கள் குறைந்துகொண்டே போய், நோயுற்றவை ஓங்கிவிட்டன. கன்ஃபெட்டியில் ஜெயிப்பது போலத் தெரியும் நல்ல செல், இங்கே தோற்றது. பிறகு தட்டையே விட்டுவிட்டார்கள். நல்ல தோலிலிருந்து சின்னச் சின்ன வட்டங்களாக வெட்டியெடுத்து, வளர்க்காமல் கொள்ளாமல், ஆறாத புண்களில் நேரே நாற்று நடுவது போல நட்டார்கள். 2014-ல் அந்த முடிவு வெளியானது. புண்கள் ஆறின, நட்ட இடத்தில் மறுபடி கொப்புளம் வரவில்லை.