மிதித்தால் அமுங்கும் படகுத் தளம்

பழைய ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகுகளின் மேல்தளத்தில் நடக்கும்போது சில இடங்களில் கால் லேசாக அமுங்கும். வெளியே விரிசல் எதுவும் தெரியாது. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் குட்டு வெளிப்படும்: நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், கெட்டுப்போன இடம் 'தொப்'பென்று மந்தமாகக் கேட்கும்.

அந்தத் தளம் ஒரே பலகை அல்ல. மேலும் கீழும் மெல்லிய கண்ணாடியிழைத் தோல், நடுவே லேசான உள்ளடுக்கு. பெரும்பாலும் பால்சா மரம். சில படகுகளில் பிளைவுட் அல்லது ஃபோம். 3 மி.மீ. தோல்கள் இரண்டை நேராக ஒட்டினால் கிடைக்கும் விறைப்பைவிட, நடுவில் 12 மி.மீ. பால்சாவை வைத்தால் கணக்குப்படி ஏறக்குறைய 19 மடங்கு விறைப்பு கிடைக்கும். பால்சாவால் கூடும் எடை சதுர மீட்டருக்கு 2 கிலோ அளவில்தான்.

இது எப்படி நடக்கிறது? தளத்தை மிதித்தால் மேல்தோல் நெருக்கப்படுகிறது, கீழ்த்தோல் இழுபடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று வழுக்கிப் போகாமல் பிடித்துவைப்பதுதான் உள்ளடுக்கின் முக்கிய வேலை. ஒரு கட்டுத் தாளை வளைத்துப் பாருங்கள், சுலபமாக வளையும். அதே தாள்களைப் பசை போட்டு ஒட்டிவிட்டால் வளையாது. ஆக, தளத்தின் பலம் மரத்தில் இருப்பதைவிட ஒட்டுதலில்தான் அதிகம் இருக்கிறது.

அந்த ஒட்டுதலைக் கெடுப்பது தண்ணீர். கிளீட் (கயிறு கட்டும் கொண்டி), கைப்பிடிக் கம்பிகளின் அடித்தட்டு என்று தளத்தில் எதைப் பூட்டினாலும் துளை போட வேண்டும். துளையைச் சுற்றி நீர் புகாமல் அடைத்திருக்கும் சீலன்ட் வயதானதும் விட்டுக்கொடுக்கும். பால்சாவை நார்கள் செங்குத்தாக நிற்கும் சிறு கட்டைகளாகத்தான் அடுக்குவார்கள். அதனால் மரத்துக்குள் பக்கவாட்டில் ஈரம் மெதுவாகத்தான் பரவும். ஆனால் கட்டைகளுக்கு இடையே ரெசின் (இறுகும் பிசின்) நிரம்பாத சந்து இருந்தால் அதுவே வாய்க்காலாகிவிடும். அப்புறம் பூஞ்சை வரும், மரம் பழுப்புக் கூழாகும்.

இதைச் சரிசெய்ய, சிலர் துளைகள் போட்டு எபாக்சி என்ற ரெசினை ஊசியால் ஏற்றிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் வீண் வேலை. ஈர மரத்தில் எபாக்சி சரியாகப் பிடிக்காது, உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே வராது.

முறையான வழி, மேல்தோலை மட்டும் அறுத்து எடுப்பது. கத்தியின் ஆழத்தை அதற்கேற்ப வைக்க வேண்டும்; கீழ்த்தோல் வரை இறங்கினால் வேலை இரட்டிப்பு. அழுகியதை உளியால் சுரண்டி, உலர்ந்த நல்ல மரம் தெரியும்வரை போக வேண்டும். எதிர்பார்த்ததைவிடப் பெரிய பரப்பாகவே அது முடியும். நன்றாகக் காயவிட்டு, கீழ்த்தோலைச் சொரசொரப்பாகத் தேய்த்து, முதலில் தூள் கலக்காத எபாக்சியை அதன் மேலும் புதிய உள்ளடுக்கின் மேலும் பூச வேண்டும். பால்சாவின் திறந்த நார்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்சியைப் பரப்பி, அந்த உள்ளடுக்கை வைத்து, மேலே பாரம் ஏற்ற வேண்டும். நடுவில் காற்று நின்றால் அந்த இடம் ஒட்டவே இல்லை என்று பொருள்.

பழைய தோலையே திரும்ப ஒட்டலாம். வெட்டுவாயின் இரு ஓரங்களையும் தோலின் கனத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அதன் மேல் கண்ணாடியிழைத் துணியை அடுக்க வேண்டும். சரிவு நீளமாக இருந்தால்தான் விசை ஒரே கோட்டில் குவியாமல் பரவும். எபாக்சிக்கு வெயில் ஆகாது, மேலே பெயின்ட் அவசியம்.

கிளீட்டை உடனே பூட்டிவிடக் கூடாது. துளையைப் பெரிதாக்கி, கெட்டி எபாக்சியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவே போல்ட்டுக்குச் சரியான அளவில் துளைக்க வேண்டும். நாளைக்கு சீலன்ட் கசிந்தாலும் தண்ணீர் எபாக்சியைத்தான் தொடும். கையோடு நல்ல இடங்களில் இருக்கும் மற்றத் துளைகளுக்கும் இதைச் செய்துவிடலாம்.